குழந்தை வளர்ப்பை நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது எப்படி? இந்தியா, இலங்கை வழியே ஓர் அறிமுகம்

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், நாடுகளுக்குக் குணப்பட்டம் சூட்டுவது நமக்கு எளிதாக வந்துவிடுகிறது. அந்த நாட்டுத் தாய்மார் கண்டிப்பானவர்கள், இந்த நாட்டுப் பெற்றோர் செல்லம் கொடுப்பவர்கள், அங்கே சுதந்திரம், இங்கே பாசம். இப்படிச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி எதையும் விளக்குவதில்லை. கண்டிப்பான தாயும் செல்லம் கொடுக்கும் தாயும் எந்த நாட்டிலும் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு உண்மையில் மாறுவது வீட்டுக்கு வெளியே உள்ள ஏற்பாடுகள். பிரசவம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து பார்ப்பவர் யார், தாய்க்கு எத்தனை நாள் விடுப்பு, எந்த வயதில் பள்ளி, முதல் பெரிய தேர்வு எப்போது, பிள்ளையை அடித்தால் கேட்க யார் இருக்கிறார்கள் என்பவைதான் ஒரு குழந்தையின் நாளை வடிவமைக்கின்றன.

குழந்தைப் பருவம் சமூகத்தால் கட்டமைக்கப்படுகிறது என்று சமூகவியலில் சொல்வார்கள். சொல் கனமாக இருந்தாலும் கருத்து எளியது. குழந்தை எங்கும் ஏறத்தாழ ஒரே வரிசையில் தவழ்கிறது, நடக்கிறது, பேசுகிறது. ஆனால் மூன்று வயதில் அது வீட்டுப் பிள்ளையா பள்ளி மாணவரா, பத்து வயதில் விளையாட வேண்டுமா தேர்வு எழுத வேண்டுமா, பதினைந்து வயதில் வேலைக்கு அனுப்பலாமா கூடாதா என்பதையெல்லாம் சட்டமும் பணமும் அலுவலகமும் பழக்கமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இதைப் பழகிப்பார்க்கத் தமிழர்களுக்கு மிகப் பொருத்தமான ஓர் இணை பக்கத்திலேயே இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். இரு கரைகளிலும் தமிழ் வீடுகளில் குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிறார்கள், கண்ணூறு கழிக்கிறார்கள், காது குத்துகிறார்கள், விஜயதசமி அன்று சின்ன விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறார்கள். அதைத் தமிழ்நாட்டில் வித்யாரம்பம் என்றும் யாழ்ப்பாணத்தில் ஏடு தொடக்குதல் என்றும் சொல்வார்கள். முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். இப்படிச் சிறு வேற்றுமைகள் உண்டு. ஆனால் மகளின் தலைப்பிரசவத்தைத் தாய்வீடு ஏற்பதும், பாட்டியோ அம்மம்மாவோ காலில் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் இரு பக்கமும் பழகிய காட்சிகள். வீட்டு வழக்கங்கள் இவ்வளவு ஒத்துப்போகும்போது, குழந்தையின் வாழ்க்கை எங்கே பிரிகிறதோ அங்கே பண்பாட்டை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. அரசு என்ன செய்தது, எப்போது செய்தது என்று தேட வேண்டும்.

வாசலுக்கு வரும் மருத்துவமாது

இலங்கையில் ஒரு பெண் கருவுற்றால் அவளைத் தேடி வீட்டுக்கு வருபவர் பொதுச் சுகாதார மருத்துவமாது. குடும்ப நல உத்தியோகத்தர் என்றும் சொல்வார்கள். பேச்சில் பெரும்பாலும் மிட்வைஃப் தான். சுமார் 3,000 பேர் வாழும் ஒரு பகுதி இவருடைய பொறுப்பு. அந்தப் பகுதியில் யாருக்குத் திருமணம் ஆனது, யார் கருவுற்றிருக்கிறார், யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தக் குழந்தையின் எடை ஏறவில்லை என்பதெல்லாம் இவருடைய பதிவேட்டில் இருக்கும். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய சில நாள்களுக்குள் வந்து தொப்புளைப் பார்ப்பார், பால் கொடுக்கும் முறையைக் கவனிப்பார், தாயின் முகவாட்டத்தையும் கவனிப்பார். பிறகு மாதந்தோறும் நிறை பார்க்கும் கிளினிக். குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் உள்ள வளைகோடு கீழே இறங்கினால் முதலில் கேள்வி கேட்பவர் இவர்தான்.

இது இலங்கைத் தாய்மாரின் தனிக் குணத்தால் விளைந்தது அல்ல. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நோய் வந்தபின் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், ஒரு பகுதி மக்களின் உடல்நலத்துக்கே பொறுப்பேற்பது அதன் நோக்கம். 1931 இல் இலங்கையில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. கிராமத்துத் தாயின் வாக்கு எண்ணப்படத் தொடங்கியபின், கிராமத்துக் குழந்தையின் சாவை அரசியல்வாதிகள் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டது. அந்தப் பேரிழப்பு சுகாதாரப் பிரிவுகளை நாடெங்கும் விரிக்கும் வேகத்தைக் கூட்டியது. வாக்குரிமையும் ஒரு கொள்ளைநோயும் சேர்ந்துதான் மிட்வைஃபை ஒவ்வொரு வாசலுக்கும் கொண்டுவந்தன என்பது என் துணிபு.

இந்தியாவிலும் வீட்டுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் நெடுங்காலமாக இந்தப் பணியைச் செய்கிறார். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது கணக்கு. 2005 இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கியது. பச்சிளங்குழந்தையை 42 நாள்களுக்குள் பலமுறை வீட்டில் போய்ப் பார்ப்பது அவர்களுடைய கடமைகளில் ஒன்று. எனவே இலங்கையில் கவனிப்பு உண்டு, இந்தியாவில் இல்லை என்று சொல்வது தவறு. இலங்கை இதை எட்டுப் பத்தாண்டுகளுக்கு முன்பே நிரந்தர அரசு வேலையாக நிறுவிவிட்டது. இந்தியாவின் பல மாநிலங்கள் அண்மையில்தான், அதுவும் ஊக்கத்தொகையில் ஓடும் பணியாக, நிறுவின. வேற்றுமை அங்கே இருக்கிறது.

அதன் விளைவை எண்களில் பார்க்கலாம். 2020 ஆம் ஆண்டு இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இலங்கையில் இந்த எண் ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது.

தட்டில் என்ன விழுகிறது

உணவு என்று வந்தால் படம் மாறுகிறது.

1975 அக்டோபர் 2 அன்று இந்தியா 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் முகம்தான் அங்கன்வாடி. பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு உணவு, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு வழிகாட்டல், மூன்று வயதுக்கு மேல் முன்பருவக் கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது திட்டம். இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இதன் மீது இன்னும் இரண்டு அடுக்குகள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2013 இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதக் குழந்தை முதல் பள்ளிப் பிள்ளை வரை உணவைச் சட்ட உரிமையாகவே ஆக்கியது. ஒரு குழந்தையின் சோறு தானமாகவோ திட்டமாகவோ மட்டும் இல்லாமல் உரிமையாக எழுதப்பட்டது மிகப் பெரிய காரியம். இந்தியர்களே அதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இலங்கையில் 1973 முதல் திரிபோஷ என்னும் சத்துமாவு கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் கிளினிக் வழியாகத் தரப்படுகிறது. இது தேவைப்படுவோரைக் கண்டறிந்து கொடுக்கும் முறை. எல்லாக் குழந்தைகளையும் தினமும் உட்கார வைத்துச் சோறு போடும் முறை அல்ல. பள்ளி உணவுத் திட்டம் அங்கும் உண்டு. ஆனால் நெடுங்காலம் அது எல்லாப் பள்ளிகளையும் எட்டவில்லை.

இப்போது ஒரு புதிரைக் கவனியுங்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்ச்சி குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இந்தியாவில், 2019 முதல் 2021 வரை நடந்த குடும்ப நல ஆய்வின்படி, 35.5 சதவீதம். இலங்கையில் 2016 ஆம் ஆண்டு ஆய்வில் 17.3 சதவீதம். ஏறத்தாழ பாதி. ஆனால் உயரத்துக்கேற்ற எடை இல்லாத மெலிந்த குழந்தைகளைப் பாருங்கள். இந்தியாவில் 19.3 சதவீதம், இலங்கையில் 15.1. இங்கே இடைவெளி சுருங்கிவிடுகிறது. பிரசவத்தைப் பாதுகாப்பதில் அவ்வளவு முன்னே சென்ற நாடு குழந்தையின் எடையில் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. மருத்துவமாது எடையை அளக்கலாம், எச்சரிக்கலாம், மாவுப் பொட்டலம் கொடுக்கலாம். அடுப்பில் என்ன வேகிறது என்பது குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்தது. ஒரு நாடு குழந்தைகளை நன்றாகக் கவனிக்கிறதா என்று ஒற்றை எண்ணால் அளப்பவர்கள் இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வயதும் பத்து வயதும்

பள்ளிக் கதை இன்னும் சுவையானது. இலங்கையில் ஐந்து வயது நிறைந்த குழந்தை முதலாம் தரத்தில், அதாவது முதல் வகுப்பில், சேர்கிறது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது 6 முதல் 14 வயது வரை. அதாவது மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்குச் சட்டத்தால் உறுதிப்படுத்தப்பட்ட பள்ளி உரிமை இந்தியாவில் இல்லை. அங்கன்வாடி இருக்கிறது, ஆனால் ஓரளவு பணம் உள்ள பெற்றோர் மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.க்குப் போய்விடுகிறார்கள். இலங்கையிலும் முன்பள்ளி பெரும்பாலும் அரசின் நேரடிப் பொறுப்பில் இல்லை. தனியார், மத அமைப்புகள், உள்ளூர் சங்கங்கள் நடத்துபவைதான் அதிகம். பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். ஆரம்ப வயதைப் பெற்றோரின் பணப்பையிடம் விட்டுவிட்டதில் இரு அரசுகளும் ஒன்றுதான்.

அதன் பிறகு பாதைகள் பிரிகின்றன. இலங்கையில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. இன்று இலங்கை மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். பாடநூல் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசம். இந்தியாவிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான மாணவர்கள் தனியார் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

இலங்கைக் குழந்தைக்குப் போட்டி குறைவு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லோரும் அரசுப் பள்ளிக்கே போகும்போது, போட்டி முழுவதும் எந்த அரசுப் பள்ளி என்ற கேள்வியில் குவிகிறது. முதலாம் தர அனுமதிக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் பெரிய அளவுகோல் என்பதால், நல்ல பள்ளிக்கு அருகே முகவரி தேடி அலையும் பெற்றோர் உண்டு. அடுத்த வாசல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. வறிய வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகையும், பெயர்பெற்ற பள்ளியில் இடமும் தருவது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது, கிராமத்துப் பிள்ளைகள் பலர் அந்த வாசல் வழியாகவே மேலே வந்திருக்கிறார்கள். ஆனால் இன்று ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பத்து வயதுப் பிள்ளைகள் எழுதும் அந்தத் தேர்வுக்காக, எட்டு வயதிலேயே மாலை டியூஷன் தொடங்கிவிடுகிறது. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளை, தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆறாம் தரத்துக்குப் போகிறது. பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு இந்தச் சுமை நியாயமானது அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பிள்ளை முதல் பொதுத்தேர்வை எழுதுவது பத்தாம் வகுப்பில். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பு 2019 இல் வந்தபோது எழுந்த எதிர்ப்பால், 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. அதனால் பத்து வயது இங்கே இலகுவாகக் கழிகிறதா? கழிகிறது, ஒருவகையில். ஆனால் போட்டி இங்கே தேர்வறைக்கு முன்பே, கட்டணம் கட்டும் கவுன்டரில் நடந்து முடிந்துவிடுகிறது. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்பது மூன்று வயதில் பெற்றோரின் வருமானத்தால் பெருமளவு தீர்மானமாகிறது. இலங்கையின் தேர்வு பிள்ளையை வாட்டுகிறது என்றால், இந்தியாவின் கட்டணம் பிள்ளை அறியாமலே அதன் பாதையைப் பிரித்துவிடுகிறது. வேறு காரணங்களிலிருந்து பிறந்த இந்த இரண்டு அநியாயங்களில் எது குறைவு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாய் வேலைக்குப் போனால்

பேறுகால விடுப்பில் இந்தியச் சட்டம் தாராளமானது. 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். இலங்கையில் 84 வேலைநாள்; 2018 முதல் எத்தனையாவது குழந்தையாக இருந்தாலும் அதே அளவு. காகிதத்தில் இந்தியா முன்னே நிற்கிறது. ஆனால் இந்தியப் பெண் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வயலிலும் கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் இருக்கிறார்கள். அந்த 26 வாரம் அவர்களை எட்டுவதே இல்லை. எந்தச் சட்டத்தையும் ஒப்பிடும்போது யாருக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இலங்கைக்கு வேறொரு வலி. பல்லாயிரம் தாய்மார் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளை அம்மம்மாவும் சித்தியும் வளர்க்கிறார்கள். 2013 இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய் இப்படிப் போகக் கூடாது என்று அரசு விதி செய்தது. பிறகு அது தளர்த்தப்பட்டது. குழந்தையின் நலம் கருதியே விதி வந்தது என்றாலும், வெளிநாடு போகும் தந்தையிடம் இதே கேள்வி கேட்கப்படவில்லை. குழந்தை வளர்ப்பு யாருடைய வேலை என்று ஓர் அரசு நினைக்கிறது என்பதை இத்தகைய விதிகள் அப்பட்டமாகக் காட்டிவிடும்.

பிரம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 17 ஆம் பிரிவில் தடை செய்கிறது. இலங்கையில் சுற்றறிக்கைகள் தடுத்தன. 2021 இல் உச்ச நீதிமன்றம், பள்ளியில் தரப்படும் உடல் தண்டனை அரசமைப்பு தரும் அடிப்படை உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. 2018 இல் நேபாளம் வீடு உட்பட எல்லா இடங்களிலும் தடை செய்தது. தெற்காசியாவில் அதுவே முதல். பெரிய அண்டை நாடுகளுக்கு வழிகாட்ட ஒரு சிறிய மலைநாட்டால் முடிந்திருக்கிறது.

நாட்டுக்கு உள்ளேயும் எல்லைகள்

தொடக்க நிலையில் உள்ளவர்கள் பெரிதும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்தியா, இலங்கை என்று சொல்லும்போது ஒவ்வொன்றும் ஒரே துண்டு போலத் தோன்றுகிறது. மேலே சொன்ன 28 என்பது இந்தியாவின் சராசரி. அதே 2020 இல் கேரளத்தில் அந்த எண் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. கேரளக் குழந்தையின் முதல் ஆண்டு, மத்தியப் பிரதேசக் குழந்தையினுடையதைவிட இலங்கைக் குழந்தையினுடையதற்கே நெருக்கமானது. நாட்டுச் சராசரியை வைத்துத் தமிழ்நாட்டையும் இலங்கையையும் ஒப்பிட்டால் தவறான இடத்துக்குப் போய்ச்சேருவோம்.

இலங்கைக்கு உள்ளேயும் அப்படித்தான். 2016 ஆய்வில் நாட்டில் 17.3 சதவீதமாக இருந்த வளர்ச்சிக் குன்றல், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய் காலையில் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுகிறாள். தோட்டப் பிள்ளைகளுக்கான இந்தக் காப்பகங்கள் நகரத்து அலுவலகங்களுக்கு முன்பே வந்தவை. இந்தியாவிலும் 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. காப்பகம் இருந்தும் பிள்ளையின் உயரம் குறைந்திருப்பதற்கு, கூலியும், லயன் அறை எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டின் நெருக்கடியும், தலைமுறைகளாகத் தொடரும் தாயின் உடல் பலவீனமும் காரணங்கள். வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை போருக்குள் பிறந்து வளர்ந்தவர்களின் குழந்தைப் பருவமோ எந்தச் சராசரிக்குள்ளும் அடங்காது. இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் முகாமிலும் படித்து, உறவுகளை இழந்து வளர்ந்த அந்தத் தலைமுறைதான் இப்போது அங்கே பெற்றோராக இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளைச் சற்று இறுக்கிப் பிடித்து வளர்ப்பதைக் கண்டு, யாழ்ப்பாணத்தார் கண்டிப்பானவர்கள் என்று குணப்பட்டம் சூட்டுவது கொடுமை.

இரு நாடுகளும் குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றவை, இலங்கை 1991 இல், இந்தியா 1992 இல். அதன்படி 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தை. ஆனாலும் வேலைக்கான குறைந்தபட்ச வயதை இலங்கை 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தியது. இந்தியாவில் அது 14 தான். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விதிவிலக்கும் இருக்கிறது. ஒரே உடன்படிக்கையை ஏற்ற இரண்டு நாடுகளில் பதினைந்து வயதுச் சிறுவன் இரண்டு வேறு ஆட்களாகக் கருதப்படுகிறான்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, வீட்டுக்கு வெளியே குழந்தையை வளர்க்கும் பெண்களின் சம்பளம். இலங்கையின் மிட்வைஃப் பயிற்சி பெற்ற நிரந்தர அரசு ஊழியர், ஓய்வூதியம் உண்டு. அதே இலங்கையில் முன்பள்ளி ஆசிரியை பல இடங்களில் சொற்பப் படிக்காக வேலை செய்கிறார். இந்தியாவின் ஆஷா பணியாளர் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலராகவும், அங்கன்வாடிப் பணியாளர் மதிப்பூதியம் பெறுபவராகவும் கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறத் தகுதியுள்ளவர்கள் என்று 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1975 இல் திட்டம் தொடங்கி நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதற்கும் வழக்காடியே அந்தப் பெண்கள் அதைப் பெற வேண்டியிருந்தது. முறையான ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்குமான அவர்களுடைய கோரிக்கை இன்னும் தெருவில்தான் நிற்கிறது.